அவுட்போர்ட் மோட்டர் ஒழுகுதா? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பைபர் போட்டுகளின் பின்னால் பூட்டி அதிகம் காண்கிற 8, 15, 25, 40 குதிரைவலு மோட்டர்களை மனதில் வைத்து எழுதியது இது. பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக், சிலது போர் ஸ்ட்ரோக், பெற்றோலிலும் ஓடும், மண்ணெண்ணெயிலும் ஓடும். கம்பெனிக்குக் கம்பெனி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், அதனால் அளவு, ஒயில் தரம் எல்லாம் உங்கள் மோட்டரின் கைந்நூலைப் பார்த்துத்தான் கடைசி முடிவு.

மோட்டருக்குக் கீழே மணலில் கறை கிடக்கு. உடனே மோட்டர் திருத்துகிற பாஸிடம் கொண்டு போகவா?

கொஞ்சம் பொறுங்கள். ஒழுகுவது என்னவென்று தெரியாமல் கராஜுக்குக் கொண்டு போனால், தேவையில்லாத இடத்தையெல்லாம் கழற்றிவிட்டுக் கூலியும் கேட்பார்கள். முதலில் மோட்டரின் வெளிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணி போட்டுக் கழுவி, சீலையால் துடைத்துக் காயவிடுங்கள். பழைய கிரீசும் உப்பும் மணலும் படிந்திருக்கிற மோட்டரில் ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுகா நேராக நிமிர்த்தி வைத்து, கீழே ஒரு வெள்ளை மட்டையைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள்.

காலையில் மட்டையில் விழுந்ததை விரலில் தொட்டு மணந்து பாருங்கள். தடிப்பாக, விரலில் இழுபட்டு, அழுகின முட்டை மாதிரி ஒரு கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஒயில். மெல்லிசாக, கொஞ்ச நேரத்தில் காய்ந்து, மணம் மூக்கில் ஏறினால் பெற்றோல். காயாமல் எண்ணெய்ப் பசையாகவே நின்றால் மண்ணெண்ணெய். கறுத்த ஒயில் என்றால் போர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஒயில், டூ ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் புகைக்குழாயில் தங்கின எரியாத ஒயில். தண்ணியென்றால் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கவேண்டிய தேவையில்லை, காய்ந்த பிறகு வெள்ளைக் கோடாக உப்பு நிற்கும்.

புரொப்பலர் நடுவிலிருந்து கறுப்பாக ஒன்று சொட்டுது. கியர் ஒயில்தானே?

அனேகமாக இல்லை. சின்ன டூ ஸ்ட்ரோக் மோட்டர் பலதில் புகை புரொப்பலரின் நடுத்துளையால்தான் வெளியே போகும். மெதுவாக ஓடின மோட்டரில், அதுவும் ஒயில் கொஞ்சம் கூடக் கலந்திருந்தால், எரியாத ஒயிலும் கரியும் தண்ணியும் சேர்ந்து அங்கே தங்கி, மோட்டரைத் தூக்கி மடக்கி வைத்ததும் சொட்டும். அது நோயல்ல.

ஆனால் துடைத்துப் பார்த்தால் கறுப்புக்கு அடியில் தேன் நிறத்திலோ பச்சை நிறத்திலோ தெளிவான தடித்த ஒயில் வந்தால், புரொப்பலரைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும். கழற்றினதும் தண்டைச் சுற்றிச் சீல் (ஒயிலைத் தடுத்து நிறுத்துகிற றப்பர் வளையம்) இருக்கிற இடத்தை நன்றாகத் துடைத்து விடுங்கள், அரை மணித்தியாலத்தில் அந்த வட்டத்தில் புது ஒயில் ஊறினால் சீல் போய்விட்டது.

கியர் பொக்ஸில் தண்ணி போயிருக்கா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் வேறொன்றும் வாசிக்க நேரமில்லையென்றாலும் இதைச் செய்து பாருங்கள். வெளியே சொட்டுகிற ஒயில் கண்ணுக்குத் தெரியும், கவலையும் வரும். உள்ளே போகிற தண்ணி தெரியாது, கியர் பல்லையும் பேரிங்கையும் தின்றுவிட்டுத்தான் சத்தம் போடும்.

ஓடிவந்த மோட்டரை இரவு நேராக நிறுத்தி வையுங்கள். தண்ணி ஒயிலைவிடப் பாரம், அடியில் இறங்கித் தங்கும். காலையில் மோட்டரை அசைக்காமல், ஒரு தண்ணிப் போத்தலைப் பாதியாக வெட்டி, கியர் பொக்ஸின் அடியில் இருக்கிற ஸ்குறூவுக்கு நேர்கீழே பிடியுங்கள். மேல் ஸ்குறூவைத் தொடாமல் கீழ் ஸ்குறூவை மட்டும் ஒன்றரைச் சுற்று, ரெண்டு சுற்றுத் தளர்த்துங்கள். மேலே காற்று நுழைய வழியில்லாததால் ஒயில் குபுக்கென்று கொட்டாது, ஊறித்தான் வரும். முதல் ஊறுவது தெளிந்த தண்ணியா, வெண்மையான கூழா, இல்லை நல்ல ஒயிலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல ஒயில் என்றால் உடனே இறுக்கிவிடலாம், ஒரு தேக்கரண்டிகூடக் குறைந்திருக்காது.

ஸ்குறூ நுனியில் காந்தம் இருக்கிற மோட்டரில் அதையும் பாருங்கள். நரைத்த மாவு மாதிரி ஒட்டியிருந்தால் வழமையான தேய்மானம். நகத்தில் பிடிபடுகிற துண்டாக வந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, அதற்குப் பிறகு மோட்டரைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில வருது. இன்னும் எத்தனை நாள் ஓடலாம்?

நாள் கணக்குக் கேட்காதீர்கள். தண்ணியும் ஒயிலும் அடிபட்டுக் கலந்துதான் அந்த நிறம் வருகிறது. அதற்கு வழுக்கும் தன்மை போய்விடும். ஓடாமல் நிற்கிறபோதும் உப்புத் தண்ணி பேரிங்கில் கறள் பிடிக்க வைக்கும். சாமான் வர ரெண்டு மூன்று நாள் ஆகும் என்றால்கூட, அந்த ஒயிலை இன்றைக்கே வடித்துவிட்டுப் புது ஒயில் நிரப்பி வையுங்கள். ஒயில் செலவு சின்னது. கியர் செட் மாற்றுகிற செலவை நினைத்தால் தூக்கம் வராது.

வேறு வழியே இல்லை, ஓடித்தான் ஆகவேண்டும் என்றால் கரையோடு ஓடுங்கள், வந்ததும் ஒவ்வொரு நாளும் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

தண்ணி எந்த வழியால உள்ளே போகுது? ஒயில் வெளியே வாறதுதானே பிரச்சினை?

ரெண்டும் ஒரே வழிதான். ஓடும்போது கியர் பொக்ஸ் சூடேறி உள்ளே அழுத்தம் கூடும், தளர்ந்த சீல் வழியாக ஒயில் வெளியே வரும். மோட்டரை நிறுத்தியதும் மோட்டரின் கால், அதாவது தண்ணிக்குள் இருக்கிற கியர் பொக்ஸ் பகுதி, சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும், அதே இடத்தால் கடல் தண்ணி உறிஞ்சப்படும். வலை இழுக்கிற நேரத்தில் ஓடி, நிறுத்தி, ஓடி, நிறுத்துகிற மோட்டருக்கு இது ஒரே நாளில் பல தடவை நடக்கும்.

தேடும்போது மலிவான இடத்திலிருந்து தொடங்குங்கள். முதல் சந்தேகம் அந்த ரெண்டு ஸ்குறூவின் வொஷர். ஒவ்வொரு முறை ஒயில் மாற்றும்போதும் அதைப் புதிதாகப் போடவேண்டும், ஆனால் நசுங்கினதைத் திருப்பிப் பூட்டுகிற ஆட்கள்தான் அதிகம். அடுத்தது புரொப்பலர் தண்டின் சீல். அதற்கும் பிறகு கியர் மாற்றும் கம்பி இறங்குகிற இடத்தின் ஓ ரிங்கும் (மெல்லிய வட்ட றப்பர்) சீலும், எஞ்சினிலிருந்து கியர் பொக்ஸுக்கு இறங்குகிற டிரைவ் தண்டில் தண்ணிப் பம்புக்கு அடியில் இருக்கிற சீலும். கடைசியில் வெடிப்பு: கல்லிலோ முகத்துவாரத்து மணல் திட்டிலோ கால் அடிபட்டிருந்தால், பெயின்ட் விலகின இடத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மயிர் அளவு கோடு தெரியும்.

சீல் புதுசு போட்டு ஒரு மாதம் ஆகல்ல, திரும்ப ஒழுகுது. ஏன்?

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலோன் வலை. சட்டத்தில் தடை என்றாலும் தங்கூசி வலைத் துண்டு கடலிலும் வாவியிலும் மிதக்கத்தான் செய்கிறது, தூண்டில் கயிறும் அறுந்து கிடக்கும். புரொப்பலரில் சிக்கினது சுழன்று சுழன்று பின்னால் தள்ளுவளையத்துக்கும் (புரொப்பலருக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் தண்டில் இருக்கிற வளையம்) சீலுக்கும் இடையில் போய் இறுகும், சூட்டில் உருகி பிளாஸ்ரிக் வளையம் மாதிரிக் கட்டியாகி சீலின் உதட்டை அறுத்துவிடும். புரொப்பலரைக் கழற்றாமல் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலைப்பாடு அதிகமான இடத்தில் ஓடுகிறவர்கள் மாதத்துக்கு ஒருதரமாவது புரொப்பலரைக் கழற்றி அந்த இடுக்கை ஒரு பழைய கத்தி முனையால் துப்புரவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை. தண்டில் கோடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது பல்லில் கடலுக்கு ஏற்ற கிரீஸ் பூசுங்கள், புரொப்பலர் நட்டைப் பூட்டுகிற பின் முள்ளைப் (கொட்டர் பின்) புதிதாகப் போடுங்கள்.

ரெண்டாவது, தண்டிலேயே சீல் ஓடின பள்ளம். சீலின் றப்பர் உதடு வருடக் கணக்காக ஒரே இடத்தில் உராய்ந்து, மணலும் சேர்ந்தால் இரும்புத் தண்டிலும் வட்டமாகக் கீறல் விழும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்பட்டால் எத்தனை புதுச் சீல் போட்டும் நிற்காது. சீலைக் கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ நிறுத்தி உதடு புது இடத்தில் படுகிற மாதிரிப் பூட்டலாம், இடமில்லையென்றால் தண்டைத்தான் மாற்றவேண்டும்.

மூன்றாவது பூட்டின விதம். பொதுவாக ரெண்டு சீல் அடுத்தடுத்து இருக்கும், எந்த உதடு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பது மோட்டருக்கு மோட்டர் மாறும். பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். காய்ந்த சீலைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் அன்றைக்கே சாய்ந்துவிடும். அளவான குழாய் ஒன்றை வைத்து, உதட்டில் கிரீஸ் பூசி நேராக இறக்கவேண்டும்.

பேரிங் கடையில அதே அளவுச் சீல் மலிவாக இருக்கே, போடலாமா?

அளவு சரியென்றால் பொருந்தும். சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று எண் அடித்திருக்கும். ஆனால் உதட்டைப் பிடித்திருக்கிற சுருள் கம்பியைப் பாருங்கள். சாதாரணச் சீலில் அது வெறும் இரும்பு, கடல் தண்ணியில் கறள் பிடித்து அறுந்துவிடும். கறள் பிடிக்காத கம்பி போட்டது கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கம்பெனிச் சீல்தான் முடிவில் மலிவு. டிரைவ் தண்டின் சீலுக்கு எப்படியும் தண்ணிப் பம்பைக் கழற்றவேண்டும், அதே கையோடு பம்புக்குள் சுழல்கிற றப்பர் இம்பெல்லரையும் புதுசாகப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் மாற்றியாச்சு, சரியாக நிற்குதா என்று கடலுக்குப் போகாமல் எப்படித் தெரியும்?

காற்றழுத்தச் சோதனை. ஒயிலை நிரப்பும் முன், மேல் ஸ்குறூ துளையில் பொருந்துகிற ஒரு வால்வையும் சின்ன அழுத்தமானியையும் பூட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். 10 பிஎஸ்ஐ போதும், 14ஐத் தாண்டாதீர்கள், தாண்டினால் நல்ல சீலையும் நீங்களே வெளியே தள்ளிவிடுவீர்கள். முள் அப்படியே நிற்கவேண்டும். நிற்கும்போதே புரொப்பலர் தண்டைக் கையால் சுற்றி, முன் கியர், பின் கியர் மாற்றிப் பாருங்கள், சில சீல் அசையாமல் இருந்தால் பிடிக்கும், சுற்றினால் விடும். முள் இறங்கினால் மோட்டரின் காலைத் தண்ணி நிரம்பின பரலுக்குள் இறக்குங்கள் அல்லது சவர்க்கார நுரை பூசுங்கள், குமிழி வருகிற இடம்தான் குற்றவாளி. டயர் அடிக்கிற கொம்பிரசரைக் கொண்டுவந்து நேராகப் பூட்டாதீர்கள், தயவுசெய்து.

ஒயில் நிரப்ப எது சரியான முறை?

கீழிருந்து மேலே. மோட்டர் நேராக நிற்கவேண்டும், ரெண்டு ஸ்குறூவும் கழன்றிருக்கவேண்டும், கீழ்த் துளையால் அழுத்தி ஏற்றி மேல்த் துளையால் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குறூவை இறுக்கி, மறுகா கீழே பூட்டுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு ஒயில் குறைந்தே நிற்கும். எஸ்ஏஈ 90 கடல் கியர் ஒயில் என்பது பரவலாகக் கேட்கிற தரம், 15 குதிரைவலுவுக்குக் கால் லீற்றர் அளவு பிடிக்கும். புது மோட்டரில் முதல் 10 மணித்தியாலத்துக்குப் பிறகும், மறுகா 100 மணித்தியாலம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருதரமும் மாற்றுவது வழக்கம். தினம் கடலுக்குப் போகிறவருக்கு 100 மணித்தியாலம் ஒரு மாதத்திலேயே வந்துவிடும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பெற்றோல் மணம் அடிக்குது, ஆனா ஒழுகுற இடம் தெரியல்ல.

இதை ஒத்திப்போடாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், மேலே போய்க் கலையாமல் போட்டின் அடியில் தங்கும். மோட்டரை நிறுத்துங்கள், பீடி சிகரட் எல்லாம் கரைக்கு வந்த பிறகு.

டாங்கியில் தொடங்கி மோட்டர் வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கிளிப் போட்ட இடம், கையால் அமுக்குகிற றப்பர் பம்பின் ரெண்டு முனை, மோட்டரில் சொருகுகிற கனெக்டரின் சின்ன ஓ ரிங், இந்த நாலு இடத்தில்தான் அனேகமாகப் பிடிபடும். நம்முடைய வெயிலில் கிடந்த குழாய் வெளியே நல்லாத் தெரிந்தாலும், மடக்கிப் பார்த்தால் மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கும். வெடித்த குழாயை வெட்டி ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். தண்ணி போகிற சாதாரணப் பிளாஸ்ரிக் குழாய் பெற்றோலுக்கு ஆகாது, கல்லுப்போல இறுகி வெடிக்கும்.

கரையில நிறுத்தி வைச்ச மோட்டரில காபரேட்டரால பெற்றோல் வழியுது. ஓடும்போது ஒன்றுமில்லை.

டாங்கியின் மூடியில் இருக்கிற காற்றுத் திருகு பூட்டியிருந்ததா? நண்பகல் வெயிலில் டாங்கி சூடேறி, உள்ளே அழுத்தம் கூடி, பெற்றோல் தானாகக் குழாய் வழியாக ஏறி ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும். நிறுத்தியதும் குழாயை மோட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள், டாங்கியை நிழலில் வையுங்கள். பாதிப் பேரின் பிரச்சினை இதோடு முடியும்.

குழாயைக் கழற்றியும், அல்லது ஓடும்போதும் வழிந்தால் காபரேட்டரைத் திறக்கவேண்டும். ஊசி வால்வின் இருக்கையில் ஒரு மணல் துகள் போதும், மூடாது. மிதவைக்குள் பெற்றோல் புகுந்து பாரமாகி மூழ்கியிருக்கலாம், எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிற சத்தம் கேட்கும். றப்பர் பம்பைக் கல்லு மாதிரி ஆனபிறகும் விடாமல் அமுக்குகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், இறுகினால் போதும்.

றப்பர் பம்ப் இறுகவே மாட்டேங்குது. ஒரு சொட்டும் வெளியே இல்லை.

அப்படியென்றால் காற்று உள்ளே இழுபடுகிறது, அல்லது பம்புக்குள் இருக்கிற வால்வு போய்விட்டது. டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் இருக்கிற பக்கத்தில் சின்ன வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும், மோட்டர் கொஞ்ச நேரம் ஓடி இருமி நின்றுவிடும். பம்பின் மேல் இருக்கிற அம்புக்குறி மோட்டரைப் பார்க்கிறதா என்றும் ஒருதரம் பாருங்கள், மாறிப் பூட்டியிருந்தால் இரவு வரைக்கும் அமுக்கினாலும் இறுகாது. மோட்டரில் இருக்கிற எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்தால் பெற்றோல் நேராக எஞ்சினுக்குள் போகும். பிளக் நனைந்து, புகை கூடும், வெளியே சொட்டு இல்லை.

மண்ணெண்ணெயில ஓடுற மோட்டர். கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லையா?

தீ விசயத்தில் மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாதுகாப்புத்தான், 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். ஆனால் சித்திரை வெயிலில் நம்முடைய கரைக்கு அது தூரமில்லை, சூடான சிலின்டர் பக்கத்தில் அது கணக்கே இல்லை.

காசு விசயத்தில் நிச்சயம் பரவாயில்லை என்று விட முடியாது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறினபோது எத்தனை போட் கரையிலேயே கிடந்தது என்று தெரியும்தானே. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் பத்து மணித்தியாலத்தில் தோராயமாக முக்கால் லீற்றர் போய்விடும். இன்னொன்று, மண்ணெண்ணெய் காயாது. ஒழுகின இடத்தில் பசையாக நின்று மணலைப் பிடிக்கும், றப்பரை ஊதிப் பெருக்கவைக்கும். நிறுத்தும் முன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிடுங்கள், காபரேட்டரில் பெற்றோல் நின்றால்தான் அடுத்த நாள் லேசாக ஸ்டார்ட் ஆகும். மாற்றுகிற அந்தக் குழாய் திருகியே ஒழுகுகிற இடம்தான் நிறைய.

டாங்கியில ஓட்டைக்குச் சவர்க்காரம் தேய்க்கலாமா? எம் சீல் (பிசைந்து பூசினால் இறுகுகிற ஒட்டுப் பசை) பூசலாமா?

நடுக்கடலில் என்றால் ஓம், தேயுங்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது, கரைக்கு வரும் வரைக்கும் பிடிக்கும். கடல் தண்ணி பட்டால் கரைந்துவிடும், அதனால் அதை நம்பி அடுத்த நாள் போகாதீர்கள். எம் சீல், சிலிக்கோன் எல்லாம் கியர் பொக்ஸ் வெடிப்பில் பூசினால் வெளியே அழகாக இருக்கும், உள் அழுத்தத்தில் ஒரு ஓரம் விட்டதும் தண்ணி போகும், பூச்சு மறைப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அலுமினிய வெல்டிங் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

போர் ஸ்ட்ரோக் மோட்டரை ஓட்டோவில படுக்கவைச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். எங்க பார்த்தாலும் ஒயில்.

பிழையான பக்கம் படுத்திருக்கும். போர் ஸ்ட்ரோக்கில் அடியில் ஒயில் தேங்கியிருக்கும், எந்தப் பக்கம் படுக்கவைக்கலாம் என்று மூடியிலோ கைந்நூலிலோ போட்டிருக்கும். மாறிப் படுத்தால் ஒயில் சிலின்டருக்குள்ளும் காற்று இழுக்கிற வழிக்குள்ளும் போய்விடும். அப்படி நடந்தால் உடனே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். நிமிர்த்தி வைத்து, பிளக்கைக் கழற்றி, மெதுவாகச் சில தரம் சுற்றி ஒயிலை வெளியே விட்டு, அளவுக்கம்பியில் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள்.

டூ ஸ்ட்ரோக்காக இருந்தாலும் தலைப் பக்கம் காலைவிட உயர்ந்தே இருக்கட்டும், காலில் நிற்கிற உப்புத் தண்ணி சிலின்டருக்கு ஓடக்கூடாது.

போர் ஸ்ட்ரோக்கில ஒயில் குறையல்ல, கூடுது! நல்லதுதானே?

இல்லை தம்பி, அது பெற்றோல். அளவுக்கம்பியை மணந்து பாருங்கள். எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது எப்போதும் மெதுவாகவே ஓடி எஞ்சின் சூடேறாமல் பெற்றோல் கழுவி இறங்கியிருக்கலாம். ஒயில் வெண்மையாகக் கூடியிருந்தால் தண்ணி. ரெண்டிலும் ஒயிலை மாற்றாமல் ஓடக்கூடாது.

மோட்டர் மூடிக்குள்ள தண்ணி நிற்குது.

அலை அடித்துப் புகுந்ததா, உள்ளிருந்து வருகிறதா என்று பிரிக்கவேண்டும். மூடியைத் திறந்து, மோட்டரின் காலைப் பரல் தண்ணியில் விட்டு, மெதுவாக ஓடவைத்துப் பாருங்கள். தேர்மோஸ்டாட் மூடியின் கஸ்கெட், பக்கத்தில் வெளியே தண்ணி பீச்சுகிற துளைக்குப் போகிற சின்ன ஹோஸ், சிலின்டர் பக்க மூடி, இவற்றில் வெள்ளை உப்புத் தடம் இருந்தால் அங்கேதான். பக்கத்தால் தண்ணி பீச்சுவதைப் பார்த்து ஒழுக்கு என்று பயப்படுகிற புது ஆட்களும் இருக்கிறார்கள், அது குளிர்ப்பிக்கிற தண்ணி ஓடுகிறது என்ற நல்ல அடையாளம். அது நின்றுபோனால்தான் பயப்படவேண்டும். வாவிச் சேறோ மணலோ அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், அப்படியும் வராவிட்டால் இம்பெல்லர்.

தூக்கி மடக்குற இடத்திலயும் திருப்புற இடத்திலயும் பழுப்பாக வடியுது.

கிரீஸ். வெயிலில் உருகி வருகிறது, துடைத்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். பட்டனை அமுக்கினால் தானாகத் தூக்குகிற பெரிய மோட்டராக இருந்தால் மட்டும் அது ஹைட்ரோலிக் ஒயிலாக இருக்கலாம். பாசிக்குடாவில் சுற்றுலா ஆட்களை ஏற்றுகிற போட்டுகளில் அப்படிப்பட்டது இருக்கும். தூக்கினது இரவோடு இரவாகத் தானாக இறங்கினால் அதன் சீல் தளர்ந்திருக்கிறது.

கடலுக்குள்ள வைச்சு ஒழுக்குத் தெரிஞ்சால்?

பெற்றோல் என்றால் நிறுத்திவிட்டு, வழிந்ததைத் துடைத்து, காற்றோட்டம் விட்ட பிறகுதான் வேறு வேலை. கியர் ஒயில் தண்ணிமேல் வானவில்லாக மிதந்தால், வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்புங்கள். முனகல், உறுமல் கேட்டால் வேகத்தை இன்னும் குறையுங்கள். பக்கத்தில் ஒரு போட் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும், மோட்டர் நின்ற போட்டைக் கையால் வலித்துக் கொண்டுவர முடியாது.

மாரிக்கு மோட்டரைக் கழற்றி வைக்கிறோம். என்ன செய்து வைக்கவேணும்?

வாடைக் கடல் கொந்தளிக்கத் தொடங்க, கார்த்திகை, மார்கழியில் மாதக் கணக்காகக் கிடக்கிற மோட்டர்தான் மாசியில் ஒழுகும். நல்ல தண்ணிப் பரலில் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். காபரேட்டரை வடித்துவிடுங்கள். கியர் ஒயிலை மாரி முடிந்தபிறகு மாற்றலாம் என்று விடாமல் வைக்கும் முன்பே மாற்றுங்கள், உள்ளே கொஞ்சம் தண்ணி இருந்தாலும் மூன்று மாதம் அது பேரிங்கோடு தனியாக இருக்கும். ஸ்குறூ மரையில் கிரீஸ் தொட்டுப் பூட்டுங்கள், இல்லையென்றால் அலுமினியத்தில் இறுகிக் கறள் பிடித்து அடுத்த முறை தலை வழுக்கும். உப்புத் தண்ணி மோட்டரை அரிக்காமல் தான் கரைகிற துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதற்கு மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள். நேராக நிறுத்தி வையுங்கள்.

வடிச்ச ஒயிலை எங்க ஊத்துறது?

மணலிலும் வாவியிலும் அல்ல. போத்தலில் மூடி, கழிவு ஒயில் சேர்க்கிற கராஜில் கொடுத்துவிடுங்கள். மீன் பிடிக்கிற தண்ணியில் நாமே ஒயிலை ஊற்றிவிட்டு மீன் மணக்குது என்று சொல்லிப் பயனில்லை.

பழைய மோட்டர் ஒன்று வாங்கப் போறேன். ஒழுக்கு இருக்கா என்று எப்படிப் பிடிக்கிறது?

விற்பவர் ஒயில் ஸ்குறூவைத் திறந்து தேன் மாதிரி ஒயிலைக் காட்டினால் உடனே நம்பாதீர்கள், காலையில்தான் மாற்றியிருப்பார். உங்கள் போட்டில் பூட்டி அரை மணித்தியாலமாவது பாரத்தோடு ஓடச் சொல்லுங்கள், நிறுத்தித் தண்ணிக்குள்ளேயே ஆறவிடுங்கள், முடிந்தால் இரவு நிறுத்திவைத்துக் காலையில் கீழ் ஸ்குறூவைத் தளர்த்திப் பாருங்கள். புரொப்பலரையும் கழற்றச் சொல்லுங்கள், தண்டில் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தெரியும். காலில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அதன் அடியில் எம் சீல் இருக்கிறதா என்று ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறும். “அண்ணன், அதெல்லாம் திறக்கத் தேவையில்லை, மோட்டர் சும்மா சிங்கம்” என்று சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த மோட்டரைப் பார்க்கப் போங்கள்.